பேரை நாமே எழுதுவோம்

(பழவேற்காட்டில் நடந்த நமது கூட்டமைப்பின் மகளிர் தினக் கூட்டத்தில் பேசிய உரை. கூட்டத்துக்கு வர முடியாத உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே தருகிறோம். குழுக் கூட்டத்தில் ஒருவர் சத்தமாகப் படிக்க மற்றவர்கள் கேட்கலாம்.)



கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம், லைட்ஹவுஸ் குப்பம், கூனங்குப்பம், அரங்கங்குப்பம் என்று பல ஊர்களிலிருந்து வந்திருக்கீங்க. விடியற்காலையில் எழுந்து, மீனை ஏலத்தில் எடுத்து, வித்துட்டு, கருவாட்டைக் காயப் போட்டு, பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பிட்டு வந்து உட்கார்ந்திருக்கீங்க. அதனால் நேரத்தை வீணாக்காமல் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

இன்றைக்கு ஒரு பெண் எழுத்தாளரைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். "நாம மீன் விக்கிறவங்க, இறால் தடவுறவங்க, பனை ஓலையில கூடை பின்னுறவங்க. எழுத்தாளருக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்று சிலர் நினைக்கலாம். சம்பந்தம் இருக்கிறது. நான் சொல்லப்போறது, பேனா பிடித்து எழுத வராத ஒரு பெண் எழுத்தாளரான கதை. எழுத்தாளரானது மட்டும் இல்லை, ஒரு பத்திரிகையையே 35 வருஷம் நடத்திக் காட்டிய கதை.

எழுத வராத கோதை

அவர் பேர் வை.மு. கோதைநாயகி அம்மாள். சுருக்கமாக வை.மு.கோ. என்று சொல்வார்கள். பிறந்தது 1901 டிசம்பர் 1ஆம் தேதி. காஞ்சிபுரம் பக்கம் நீர்வளூர்க் குடும்பம். வாழ்ந்தது நம்ம சென்னையில், திருவல்லிக்கேணியில். அப்போது வெள்ளைக்காரர் ஆட்சி. ஒரு வயது ஆகும்போதே அம்மா இறந்துவிட்டார். சொந்தக்காரர்கள்தான் வளர்த்தார்கள். ஐந்தரை வயதில், 1907ஆம் வருஷம், கல்யாணம் செய்து வைத்துவிட்டார்கள். மாப்பிள்ளை பார்த்தசாரதிக்கு ஒன்பது வயது. இரண்டு பேருமே குழந்தைகள்!

பள்ளிக்கூடம் என்று ஒன்றுக்குப் போகவே இல்லை. ஆனால் புகுந்த வீடு படித்த வீடு. அங்கே கேட்டுக் கேட்டுப் பாட்டும் கதையும் கற்றுக்கொண்டார். கணவருக்கு நாடகம் பார்ப்பதில் ஆசை, மனைவியையும் கூட்டிக்கொண்டு போவார். வீட்டில் இருக்கிற பிள்ளைகளையும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளையும் உட்கார வைத்துக் கோதை கதை சொல்வார். புத்தகத்தில் இருக்கிற கதை இல்லை, தானே கட்டின கதை. நம்ம ஊரில் ஆயாக்கள் சொல்ற மாதிரிதான். ஒரு ஆயா கதை சொல்ல ஆரம்பித்தால் பிள்ளைகள் சோற்றை மறந்து கேட்கும் இல்லையா, அப்படி.

மனசுக்குள் ஒரு முழு நாடகமே உருவாகிவிட்டது. எழுதி வைக்கணும். ஆனால் எழுத வராது. என்ன செய்தார்? பட்டம்மாள் என்று ஒரு தோழி. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியும். கோதை சொல்லச் சொல்ல, பட்டம்மாள் எழுதினார். அப்படி உருவானதுதான் 'இந்திர மோகனா' என்கிற நாடகம். 1924இல் புத்தகமாக அச்சானது. பத்திரிகைகள் பாராட்டின.

இங்கே கொஞ்சம் நிறுத்திக் கவனியுங்கள். இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

பாராட்டு வந்துவிட்டது. தோழியும் பக்கத்திலேயே இருக்கிறார். "நான் சொல்றேன், நீ எழுது" என்று கோதை காலம் முழுக்க ஓட்டியிருக்கலாம். யாரும் குறை சொல்லப் போவதில்லை. அவர் அப்படிச் செய்யவில்லை. அதே பட்டம்மாளிடம் எழுதக் கற்றுக்கொண்டார். அப்போது வயது இருபதைத் தாண்டிவிட்டது. குடும்பம், வீட்டு வேலை, மாமனார், மாமியார் எல்லாம் இருக்கும்போதே கற்றுக்கொண்டார். தன் கதையைத் தன் கையாலேயே எழுத ஆரம்பித்தார்.

பட்டம்மாளையும் நாம் மறக்கக் கூடாது. தனக்குத் தெரிந்ததைத் தோழிக்குக் கற்றுக் கொடுத்த பெண் அவர். "நான்தானே எழுதித் தர்றேன், நான் இல்லாட்டி உனக்கு ஒண்ணும் நடக்காது" என்று வைத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு குழுவிலும் ஒரு கோதையும் இருக்கணும், ஒரு பட்டம்மாளும் இருக்கணும்.

பத்திரிகை முதலாளி

அந்தக் காலத்தில் நாவல் எழுதுவதில் பேர் போனவர் வடுவூர் துரைசாமி அய்யங்கார். நின்றுபோயிருந்த 'ஜகன்மோகினி' என்ற பத்திரிகையை வாங்கி நடத்தலாம் என்று அவர் யோசனை சொன்னார். 1925இல் கோதைநாயகி அம்மாள் அதை வாங்கினார். எழுதக் கற்றுக்கொண்ட கொஞ்ச காலத்திலேயே பத்திரிகைக்கு ஆசிரியரும் ஆகிவிட்டார், சொந்தக்காரரும் ஆகிவிட்டார்!

ஊர் சும்மா இருக்குமா? 1925 என்றால் நூறு வருஷத்துக்கு முன்னால். பெண் வாசல் படியில் நின்றாலே பேசுகிற காலம். "பொம்பளை கதை எழுதறதா, அதை அச்சடிச்சு விக்கிறதா" என்று ஏசினார்கள். பத்திரிகையை வாங்கிக் கிழித்துப் போட்டவர்களும் உண்டு. அவர் நிறுத்தவில்லை. கணவர் கூடவே நின்றார்.

பத்திரிகை எப்படி ஓடியது? சந்தாவில் ஓடியது. நாம குழுவில் மாசாமாசம் சந்தா கட்டுறோமே, அதே சொல்தான். பணம் கட்டின பெண்களுக்குத் தபாலில் புத்தகம் போகும். கணக்கு வைக்கணும், காகிதம் வாங்கணும், அச்சடிக்கணும், பிழை பார்க்கணும், அனுப்பணும். பின்னாளில் சொந்தமாக அச்சகமும் வைத்துக்கொண்டார். 'ஜகன்மோகினி'யிலேயே தன் நாவல்களைத் தொடராக வெளியிட்டார். மொத்தம் 115 நாவல்கள்! குழந்தைக் கல்யாணம், வரதட்சணை, விதவைப் பெண்களின் கஷ்டம், குடியால் அழிகிற குடும்பம் எல்லாம் அந்தக் கதைகளில் வரும். படிக்கத் தெரிந்த பெண் சத்தமாகப் படிப்பார், தெரியாத பெண்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். கதை கேட்கிற ஆசையில் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டவர்களும் உண்டு.

1925இல் காந்தியைப் பார்த்த பிறகு அவர் வாழ்க்கை இன்னும் மாறியது. பட்டுப் புடவையையும் நகையையும் விட்டுக் கதர் கட்ட ஆரம்பித்தார். மேடையில் ஏறிப் பேசினார், பாடினார். நல்ல குரல் அவருக்கு. 1931இல் கள்ளுக்கடை மறியல் செய்து சிறைக்குப் போனார். அடுத்த வருஷமும் போனார். சாராயக் கடையை எதிர்த்து ஊர்ப் பெண்கள் நின்ற கதையெல்லாம் நமக்குத் தெரியும். அந்த வழியில் நமக்கு முன்னால் நடந்தவர் அவர். உள்ளே இருந்தபோது பத்திரிகையைக் கணவர் பார்த்துக்கொண்டார். அவர் சிறையிலும் சும்மா இருக்கவில்லை. கூட இருந்த பெண்களின் கதையைக் கேட்டார், எழுதினார்.

உலகப் போர் வந்தது. காகிதம் கிடைக்கவில்லை. எத்தனையோ பத்திரிகைகள் தள்ளாடின. 'ஜகன்மோகினி' நிற்கவில்லை. 1948இல், காந்தி இறந்த பிறகு, அவர் நினைவாக மகாத்மாஜி சேவா சங்கம் என்று ஒன்றைத் தொடங்கி, ஏழைப் பெண்களுக்காக வேலை செய்தார். 1956இல் ஒரே மகன் இறந்துபோனார். அந்தத் துக்கத்தில் உடம்பு விழுந்தது, காசநோய் வந்தது. 1960 பிப்ரவரி 20ஆம் தேதி காலமானார்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கோதைநாயகி அம்மாளுக்கு வசதி இருந்தது. நல்ல கணவர் இருந்தார். அடுத்த வேளை அரிசிக்கு ஓட வேண்டிய நிலைமை இல்லை. "அவங்களுக்கு முடிஞ்சுது, எங்களுக்கு முடியுமா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதனால் வசதி இல்லாத இன்னொரு பெண் எழுத்தாளர் கதையையும் சொல்றேன். அவர் நம்ம நாட்டுக்காரர் இல்லை. கோதைநாயகி அம்மாளுக்குப் பாட்டி வயசு.

தங்க வயலில் ஒரு தாய்

தங்க வயல் என்றால் நமக்குக் கோலார்தான் தெரியும். 1880இலிருந்து வெள்ளைக்காரக் கம்பெனி தோண்டிய இடம். வட ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் அங்கே கூலிக்குப் போயின. 2001இல் அந்தச் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். அதே மாதிரி ஆஸ்திரேலியாவில் 1851இல் தங்கம் கிடைத்தது. உலகம் முழுக்க இருந்து ஜனங்கள் கப்பல் ஏறிப் போனார்கள். சுனாமிக்குப் பிறகு நாமெல்லாம் பார்த்தோமே, கூடாரம், தகரம், சேறு, தண்ணிக்கு வரிசை. அந்த மாதிரி இடத்தில் வருஷக்கணக்கில் வாழ்ந்தார்கள்.

அங்கே 1855இல் ஒரு பெண் வந்து இறங்கினார். பேர் மேரி ஃபார்ச்சூன். பிறந்தது அயர்லாந்து, வளர்ந்தது கனடா. கல்யாணமாகி ஒரு பையன். கணவரை விட்டுவிட்டு, பையனைக் கூட்டிக்கொண்டு, தங்க வயலில் கடை வைத்திருந்த அப்பாவைத் தேடி வந்துவிட்டார். அங்கே இன்னொரு பையன் பிறந்தான். மூத்த பையன் சின்ன வயதிலேயே இறந்துபோனான். 1858இல் ஒரு போலீஸ்காரரைக் கல்யாணம் செய்துகொண்டார். அந்த வாழ்க்கையும் நிலைக்கவில்லை. கனடாவில் முதல் கணவர் உயிரோடு இருக்கும்போதே செய்துகொண்ட கல்யாணம் அது. வெளியே தெரிந்தால் சட்டமும் விடாது, ஊரும் விடாது. ஆக, கையில் ஒரு பிள்ளை, துணைக்கு ஆள் இல்லை, மறைக்க வேண்டிய ரகசியங்கள். இதுதான் அவர் நிலைமை.

ஆனால் எழுத வரும். தங்க வயல் ஊர்ப் பத்திரிகை ஒன்றுக்குக் கவிதை அனுப்பினார். பேரை முழுசாகப் போடாமல் எழுத்து மட்டும் போட்டு அனுப்பினார். பத்திரிகைக்காரர் படித்துவிட்டு, "நல்லா எழுதறியே, வேலைக்கு வா" என்று கூப்பிட்டார். போய் நின்றால், பெண்! வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். எழுத்து அதே எழுத்துதான். கை பெண் கை என்று தெரிந்ததும் கதவு மூடிவிட்டது.

அவர் விடவில்லை. 'ஆஸ்திரேலியன் ஜர்னல்' என்ற மெல்போர்ன் பத்திரிகைக்குத் துப்பறியும் கதைகள் எழுத ஆரம்பித்தார். தங்க வயலில் திருட்டு எப்படி நடக்கும், போலீஸ்காரர் எப்படிப் பேசுவார், எப்படி விசாரிப்பார் என்பதெல்லாம் அவர் கண்ணால் பார்த்தவை. 1868இலிருந்து 1908 வரை, 40 வருஷம், 500க்கும் மேற்பட்ட கதைகள்! துப்பறியும் கதைகளையே தொழிலாக எழுதிய பெண்களில் உலகத்திலேயே முன்னோடி என்று இன்று ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். அந்தக் காசில்தான் சாப்பிட்டார், பிள்ளையை வளர்த்தார். இளைய பையன் கெட்ட வழியில் போய்ச் சிறைக்குப் போனான். அந்த வலியையும் தாங்கிக்கொண்டு எழுதினார்.

ஆனால் ஒரு கதையிலும் அவர் பேர் இல்லை! புனைபேர், இல்லாவிட்டால் இரண்டே எழுத்து. படித்தவர்களுக்கு இவர் யார் என்றே தெரியாது. வயதான பிறகு கண் பார்வை மங்கியது. 1911இல் இறந்தார். பேர் பொறித்த கல் ஒன்றும் இல்லாத குழியில் புதைத்தார்கள். கதையெல்லாம் பத்திரிகையில் இருக்கிறது, எழுதியது யார் என்பது மட்டும் மறைந்துபோனது. பிறகு பழைய புத்தகம் சேகரிக்கிற ஒருவர் பேரைக் கண்டுபிடித்தார். அதற்குப் பிறகு ஆராய்ச்சி செய்கிற பெண்கள் பல வருஷம் பழைய பதிவேடுகளையும் கடிதங்களையும் தேடித் தேடி, இவர் வாழ்க்கையைக் கோர்த்து எடுத்தார்கள். இரண்டு பெண்கள் சேர்ந்து எழுதிய புத்தகம் 2025இல்தான் வெளிவந்தது. இறந்து 114 வருஷம் கழித்து!

மேரியை நான் குறை சொல்லவில்லை. பேரை மறைத்தால்தான் பிழைக்க முடியும் என்கிற நிலைமையில் அவரை வைத்தது அந்தக் காலம். ஆனால் இரண்டு பெண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு பேரும் உழைத்தார்கள். இரண்டு பேரும் எழுதிக் குவித்தார்கள். கோதைநாயகி அம்மாள் பேர் அட்டையில் இருந்தது, பத்திரிகையும் அவருடையது. மேரிக்குக் கூலி மட்டும் கிடைத்தது. பேரும் இல்லை, பத்திரிகையும் அவருடையது இல்லை.

நம்ம ஊரில் யார் பேர் எங்கே இருக்கிறது?

இப்போது நம்ம ஊருக்கு வருவோம். பழவேற்காட்டில் டச்சுக்காரர் கல்லறைகள் இருக்கின்றன. பார்க்காதவர்கள் இருக்க மாட்டீர்கள். முந்நூறு, முந்நூற்றைம்பது வருஷம் ஆன கல். பேர், ஊர், தேதி எல்லாம் அழகாக வெட்டி வைத்திருக்கிறார்கள். வெளியூர்க்காரர்கள் வந்து படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள். அதே டச்சுக்காரர் காலத்தில் இந்தக் கரையிலிருந்து ஆயிரக்கணக்கான ஏழை ஜனங்களை அடிமைகளாகக் கப்பலில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். அதில் பெண்களும் குழந்தைகளும் உண்டு. அவர்கள் பேர் எந்தக் கல்லில் இருக்கிறது? பேர் எழுதி வைக்க வசதி இருந்தவன் பேர் நின்றது. மற்றவர்கள் பேர் அலையோடு போனது.

ஏரியில் பாடு எப்படி என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. முறை வைத்து, சீட்டுப் போட்டு, யார் எந்த இடத்தில் வலை போடணும் என்று பிரித்துக்கொள்வது நம்ம பெரியவங்க வகுத்த ஏற்பாடு. சண்டை இல்லாமல் ஏரியைப் பகிர்ந்துகொள்கிற நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த வரிசையில் இருப்பது ஆம்பளைங்க பேர். பறியைக் கட்டிக்கொண்டு இடுப்பளவு தண்ணியில் இறால் தடவுகிற பெண்ணுக்கு அங்கே பேர் இல்லை. மீனை விற்றுக் காசாக்குகிற பெண்ணுக்கும் இல்லை. இதை இன்றைக்கே மாற்றிவிடுவோம் என்று நான் சொல்ல வரவில்லை. அது ஊர் கூடிப் பேச வேண்டிய விஷயம். ஆனால் பெண் பேர் இருக்கிற நோட்டு ஒன்று நம்ம கையில் இருக்கிறது. எது?

(கூட்டத்திலிருந்து: "குழு நோட்டு!")

ஆமாம். குழுவின் தீர்மான நோட்டு, சேமிப்பு லெட்ஜர், கடன் லெட்ஜர், நம்ம பாஸ்புக். அதில் நம்ம பேர் இருக்கிறது. கணவர் பேரில் இல்லை, மகன் பேரில் இல்லை, நம்ம பேரில். இந்த ஒரு நோட்டுக்காகத்தான் எத்தனை வருஷம் பாடுபட்டோம்.

இப்போது கேட்கிறேன், மனசில் கை வைத்துச் சொல்லுங்க. அந்த நோட்டை யார் எழுதறாங்க? நம்ம ஊக்குநர் எழுதறாங்க. இல்லாவிட்டால் அவர் மகள், பள்ளிக்கூடம் படிக்கிற பொண்ணு, எழுதுகிறாள். மற்றவர்கள் என்ன செய்கிறோம்? "எங்கே போடணும்?" என்று கேட்டு, விரல் காட்டின இடத்தில் கையெழுத்துப் போடுகிறோம். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கிறோமா? இந்த மாசம் உள்கடன் எவ்வளவு போனது, வட்டி எவ்வளவு வந்தது, பேங்கில் மீதி எவ்வளவு? பன்னிரண்டு பேர் குழுவில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஊக்குநர்கள் கோபித்துக்கொள்ளாதீங்க. உங்கள் மேல் சந்தேகப்பட்டுச் சொல்லவில்லை. சம்பளம் இல்லாமல் எழுதிக் கொடுக்கிறீர்கள், பேங்குக்கும் ஆபீசுக்கும் அலைகிறீர்கள். ஆனால் ஒரே ஆள் கையில் எல்லாம் இருந்தால் அந்த ஆளுக்கும் ஆபத்து, குழுவுக்கும் ஆபத்து. கணக்கில் ஒரு தப்பு வந்தால் பழி முழுக்க ஒருத்தர் தலையில் விழும். மற்றவர்கள் "எங்களுக்கு ஒண்ணும் தெரியாது, கையெழுத்துப் போடச் சொன்னாங்க, போட்டோம்" என்பார்கள். கையெழுத்துப் போட்ட பிறகு "தெரியாது" என்ற பேச்சு பேங்கில் செல்லாது.

முன்னெல்லாம் கைநாட்டு. அது போய் நாமெல்லாம் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டோம். பெரிய வெற்றிதான், சந்தேகமே இல்லை. இப்போது செல்போனில் ஆறு எண் வருகிறது, ஓ.டி.பி. என்கிறார்கள். கடன் கொடுக்க வருகிற ஆள் கேட்டால் சொல்லிவிடுகிறோம். அது என்ன என்று தெரியாமல் சொன்னால், அதுவும் கைநாட்டுதான் தாயி! விரலில் மை இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

கோதைநாயகி அம்மாள் நமக்குக் காட்டுகிற வழி இதுதான். தெரியாதபோது தெரிந்தவர் எழுதித் தரட்டும், தப்பில்லை. ஆனால் அதோடு நிற்காதே. அவரிடமே கற்றுக்கொள்.

என்ன செய்யலாம்?

பெரிய செலவில்லாத சில காரியங்களைச் சொல்கிறேன். அடுத்த குழுக் கூட்டத்தில் பேசி முடிவு செய்யுங்கள்.

1. ஒவ்வொரு கூட்டத்திலும் கணக்கைச் சத்தமாகப் படிக்கணும். போன மாச மீதி, இந்த மாச வரவு, செலவு, இப்போதைய மீதி, இந்த நாலும் எல்லார் காதிலும் விழணும். படித்த பிறகுதான் கையெழுத்து.

2. தன் சேமிப்புத் தொகையைத் தன் பாஸ்புக்கில் அவரவரே எழுதணும். கோணல் மாணலாக இருந்தால் இருக்கட்டும். ஊக்குநர் சரி பார்த்துப் பக்கத்தில் கையெழுத்துப் போடட்டும்.

3. எழுதத் தெரிந்த ஒருவர், தெரியாத ஒருவர் என்று ஜோடி சேர்த்துக்கொள்ளுங்கள். வாரத்தில் இரண்டு நாள், அரை மணி நேரம் போதும். முதலில் தன் பேர், ஊர் பேர், அப்புறம் ஒன்றிலிருந்து நூறு வரை எண், அப்புறம் தான் விற்கிற பொருளின் பேர். இறால், நண்டு, மடவை, கெளுத்தி, கருவாடு என்று நாம் தினம் வாயால் சொல்கிற சொல்லை எழுதிப் பழகினால் சீக்கிரம் வரும்.

4. வீட்டில் ஒரு சின்ன நோட்டுப் போடுங்கள். இன்றைக்கு எவ்வளவுக்கு மீன் எடுத்தேன், ஐஸ் எவ்வளவு, ஷேர் ஆட்டோ எவ்வளவு, எவ்வளவுக்கு விற்றேன். ஒரு மாசம் எழுதினால், நாம் லாபத்தில் உழைக்கிறோமா, வட்டிக்காரருக்காக உழைக்கிறோமா என்று நோட்டே சொல்லும்.

5. யார் வந்து கேட்டாலும், படிக்காத தாளில் கையெழுத்து இல்லை, விளங்காத ஓ.டி.பி. சொல்வது இல்லை. "குழுவில கேட்டுட்டுச் சொல்றேன்" என்று சொல்லுங்கள். நல்ல ஆளாக இருந்தால் காத்திருப்பார். அவசரப்படுத்தினால் அங்கேயே சந்தேகப்படுங்கள்.

6. இந்தச் செய்தி மடல் நம்முடையது. இதில் நம்ம கதை வரணும். புயல் வந்தபோது என்ன செய்தோம், முகத்துவாரம் அடைத்தபோது எப்படிப் பிழைத்தோம், கடனை எப்படி அடைத்தோம், எதையாவது அரைப்பக்கம் எழுதி அனுப்புங்கள். எழுத வராதவர்கள் சொல்லுங்கள், பக்கத்தில் இருப்பவர் எழுதட்டும். கீழே சொன்னவர் பேரும் இருக்கணும், எழுதியவர் பேரும் இருக்கணும்.

வயசு ஆயிடுச்சே?

பேசி முடிக்கிற நேரத்தில் ஒரு அக்கா எழுந்து, "எனக்கு அம்பது வயசு. காலையில மூணு மணிக்கு எழுந்து ஓடறேன். ராத்திரி கண்ணு தெரியல. இனிமே எழுதப் படிச்சு நான் என்ன கலெக்டரா ஆகப் போறேன்?" என்று கேட்டார்கள். எல்லாரும் சிரித்தோம். ஆனால் கேள்வி சிரிக்கிற கேள்வி இல்லை.

அக்கா, கண்ணுக்கு முதலில் கண்ணாடி போடணும். அரசு மருத்துவமனையில் போய்க் காட்டுங்க. அது தனி விஷயம். கலெக்டர் ஆக வேண்டாம். நீங்க மூணு மணிக்கு எழுந்து ஓடிச் சம்பாதிக்கிற காசு எங்கே போகிறது என்று உங்களுக்குத் தெரியணும், அவ்வளவுதான். யாரோ எழுதி, யாரோ கூட்டிக் கழித்து, "உன் கடன் இன்னும் இவ்வளவு இருக்கு" என்று சொல்லும்போது, "இல்லையே, என் நோட்டுல இப்படி இருக்கே" என்று எடுத்துக் காட்ட முடியணும். அதற்கு முழுப் படிப்பு வேண்டாம். உங்க பேரும், நூறு வரை எண்ணும், பத்து இருபது சொல்லும் போதும். ஒரு நாளைக்கு ஒரு எழுத்து என்றால்கூட வருஷத்தில் முந்நூற்று அறுபத்தைந்து நாள் இருக்கிறது.

நம்ம பெண்கள் உழைப்பில் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை. பழவேற்காட்டு இறாலும் நண்டும் சென்னைக்குப் போகிறது, கப்பலேறி வெளிநாட்டுக்கும் போகிறது. அதைப் பிடித்த கை, பிரித்த கை, சுமந்த கை யாருடையது என்று எந்தப் பெட்டியிலும் எழுதியிருக்காது. குறைந்தது நம்ம குழு நோட்டிலாவது அந்தக் கை தன் பேரைத் தானே எழுதணும்.

வெயில் ஏறுவதற்குள் எல்லாரும் பத்திரமாக வீடு போய்ச் சேருங்கள்.